ஒரு வீட்டில் வண்டி, ஒரு வீட்டில் எஞ்சின்

"அண்ணாத்தே, சாக்குல இன்னா கீது? ஆட்டோ குலுங்குறப்பல்லாம் கால்ல இடிக்குது."

அம்பத்தூர் ஓ.டி.யிலிருந்து ஆவடிக்குப் போகும் ஷேர் ஆட்டோ அது. எதிர் சீட்டில் பூக்கூடையை மடியில் வைத்திருந்த அம்மா கேட்டார். என் இரண்டு கால்களுக்கும் நடுவே ஒரு கோணிச் சாக்கு. அதைத் தூக்கி வைக்க ஆட்டோக்காரரும் ஒரு கை கொடுக்க வேண்டியிருந்தது. அவ்வளவு கனம்.

"எஞ்சின்மா. பைக் எஞ்சின்."

"யார் வண்டிது?"

"எங்க அப்பாவுது."

"வண்டி எங்க கீது?"

"ஆவடியில. எங்க அண்ணன் ஊட்டுல."

அந்த அம்மா கனகாம்பரத்தின் மேல் தண்ணீர் தெளித்தார். பிறகு பக்கத்தில் இருந்தவரிடம் சொல்வதுபோல் எல்லோரிடமும் சொன்னார்: "வண்டி ஒரு ஊட்டுல, எஞ்சின் ஒரு ஊட்டுலயாம். இன்னா குடும்பம்யா இது."

ஆட்டோவில் இருந்த ஏழு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் காது மடல் சூடாகிவிட்டது.

லோடு வண்டி பிடித்திருக்கலாமே என்று தோன்றும். லோடு வண்டியோடு போய் இறங்கினால் குவார்ட்டர்ஸில் அக்கம்பக்கம் எட்டிப் பார்க்கும். அண்ணன் என்னைத் திருப்பி அனுப்பினால் அதையும் பார்க்கும். அதனால்தான் சாக்கு.

இந்தத் தொடரில் அப்பாவைப் பற்றி எழுதியிருக்கிறேன். அம்மாவைப் பற்றி, மண்ணூர்பேட்டையில் நான் போட்ட லேத் பட்டறையைப் பற்றி எழுதியிருக்கிறேன். "உங்கள் அண்ணன் எங்கே சார்?" என்று இரண்டு வாசகர்கள் கேட்டிருந்தார்கள். வேண்டுமென்றேதான் விட்டிருந்தேன். பதினாறு வருடம் பேசாமல் இருந்த ஒருவரைப் பற்றி என்னவென்று எழுதுவது?

அண்ணியின் போன்

போன வருடம் மழைக்காலத்துக்குக் கொஞ்சம் முன்பு வசந்தா அண்ணி போன் செய்தார். நல்லது கெட்டதுக்கு அவரும் என் மனைவியும் பேசிக்கொள்வார்கள். என்னோடு பேசுவது அபூர்வம்.

"தம்பி, உங்க அண்ணன் ரிடையர் ஆயிட்டாரு. குவார்ட்டர்ஸைக் காலி பண்ணணும். பூந்தமல்லியில வீடு பாத்துட்டோம்."

"சரிங்கண்ணி."

"வீட்டுக்காரர் ஒண்ணுதான் சொன்னாரு. ஓடுற வண்டின்னா கீழ நிறுத்திக்கலாமாம். ஓடாத வண்டிக்கு இடமில்லயாம்."

போனைக் காது மாற்றி வைத்துக்கொண்டேன்.

"பழைய இரும்புக்குப் போட்டுடலாம்னு இவரே நாலு தடவை ஆளை வரச்சொன்னாரு. நாலு தடவையும் 'அப்புறம் வா'ன்னு அனுப்பிட்டாரு. இன்னும் ஆறு ஞாயித்துக்கிழமை இருக்கு, தம்பி. அதுக்கப்புறம் அஞ்சாவது தடவை வருவான். அன்னிக்குக் கொடுத்துடுவாரு."

போனை வைத்ததும் பட்டறையின் மூலைக்குப் போனேன். பெஞ்சுக்கு அடியில், எண்ணெயில் நனைத்த துணி சுற்றி, அது இருந்தது.

அப்பாவின் புகை

இங்கே அந்த வண்டியைச் சொல்லியாக வேண்டும். மைசூரில் செய்த இருநூற்றைம்பது சி.சி. வண்டி. ஒரே சிலிண்டர்தான், ஆனால் இரண்டு பக்கமும் ஒவ்வொரு சைலன்சர். உதைக்கிற கிக்கரையே மடக்கினால் கியராகிவிடும். பெட்ரோலோடு ஆயில் கலந்து ஊற்ற வேண்டும். எங்கள் குவார்ட்டர்ஸில் அதற்குப் பெயர் மைசூர் வண்டி.

அப்பா ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் ஃபிட்டர். ஞாயிற்றுக்கிழமை திருவேற்காடு கோவிலுக்குப் போவோம். பெட்ரோல் டேங்க் மேல் நான், அப்பா, அவர் முதுகை ஒட்டி அண்ணன், கடைசியில் அம்மா ஒரு பக்கமாக. டேங்க்கின் சூடு அரைக்கால் சட்டையைத் தாண்டித் தொடையில் ஏறும். அதற்காக இறங்கச் சம்மதித்ததில்லை.

மாலையில் அந்த வண்டியின் புகைதான் எங்களுக்கு மணி. நீலப் புகை, கொஞ்சம் இனிப்பும் காரமும் சேர்ந்த வாடை. காற்று எங்கள் பக்கம் அடித்தால் சத்தத்துக்கு முன்பே வாடை வந்துவிடும். படக்கதைப் புத்தகம் பாய்க்கு அடியில் போகும், கணக்குப் புத்தகம் மடியில் வரும். எச்சரிப்பது எப்போதும் அண்ணன்தான். என்னைவிட ஆறு வயது மூத்தவர், பெயர் சேகர். முழங்கையால் என் விலாவில் ஒரு இடி இடிப்பார். அவ்வளவுதான் எச்சரிக்கை.

அப்பா போன பிறகு அண்ணனுக்கு அதே தொழிற்சாலையில் கிரேன் ஓட்டும் வேலை, அதே குவார்ட்டர்ஸ், அதே வண்டி. எனக்கு அதில் மனக்குறை இருந்ததில்லை. வண்டி இழுவை குறைந்து புகையாய்த் தள்ளியபோது அண்ணன் என்னிடம்தான் வந்தார். "பிரிச்சு எடுத்துட்டுப் போடா. சிலிண்டரக் கடைஞ்சு போர் போட்டு, புது பிஸ்டன் மாட்டு" என்றார். எஞ்சினை மட்டும் கழற்றிப் பட்டறைக்கு எடுத்துவந்தேன்.

அந்த வாரம்தான் அழைப்பிதழ் வந்தது.

இல்லாத ஒரு வரி

அண்ணன் மகளுக்குக் காதணி விழா. மஞ்சள் தடவிய அட்டை. தாய்மாமன் பெயர், அண்ணியின் தங்கைகள் பெயர், தொழிற்சாலை நண்பர்கள் பெயர் என்று ஒரு பட்டியல். சித்தப்பா என்ற வரியே இல்லை.

திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் மண்டபத்துக்கு வழி போட்டிருந்தது. திரும்பவும் முன்பக்கம் பார்த்தேன்.

இப்போது எழுதும்போது சின்ன விஷயமாகத்தான் தெரிகிறது. அன்று அப்படி இல்லை. கூடப் பிறந்தவன் ஒருவன் இல்லை என்று அச்சடித்து ஊருக்கெல்லாம் கொடுத்ததுபோல் இருந்தது. விழாவுக்குப் போகவில்லை. ஏன் வரவில்லை என்று அண்ணன் கேட்கவும் இல்லை.

எஞ்சின் வேலை ஒரு வாரத்தில் முடிந்துவிட்டது. கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. அவர் வந்து கேட்கட்டும் என்று இருந்தேன். நான் கொண்டுவரட்டும் என்று அவர் இருந்திருக்கிறார்.

ஒரு மாதம் போனது. ஒரு வருடம் போனது. அந்த மகள் வளர்ந்து, அவளுடைய கல்யாண அழைப்பிதழ் வந்தபோது அதில் என் பெயர் முதல் வரியிலேயே இருந்தது. அதற்குள் கோபம் எனக்குப் பழகிவிட்டிருந்தது. மண்டபத்தில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, சாப்பிட்டு, தாம்பூலப் பையோடு திரும்பினேன். மணமேடையில் நிற்க வேண்டிய சித்தப்பா விருந்தாளியைப்போல வந்துபோனான். அந்தப் பையிலிருந்த தேங்காயை உடைக்க எனக்கு மனம் வரவில்லை. அது காய்ந்தே போனது.

ஆனால் ஒன்று. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் லேத்துக்குச் சந்தனம் வைக்கும்போது அந்த எஞ்சினுக்கும் ஒரு பொட்டு வைப்பேன். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, கொஞ்சம் ஆயில் விட்டு, கையால் நாலு சுற்று சுற்றிவைப்பேன். பதினாறு வருடத்தில் அது இறுகிப்போகவில்லை.

யார் வந்திருக்காங்கன்னு பாரு

குவார்ட்டர்ஸ் வாசலில் சாக்கை இறக்கியபோது அண்ணன் வராந்தாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. கண்ணாடி போட்டிருந்தார். பேப்பரைத் தாழ்த்தி என்னைப் பார்த்தார். சாக்கைப் பார்த்தார். மறுபடி பேப்பரைத் தூக்கிக்கொண்டார்.

"வசந்தா, யாரு வந்திருக்காங்கன்னு பாரு."

அண்ணி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்தார். "கண்ணு முன்னாடி நிக்கறாரு. நான் வேற வந்து பாக்கணுமா? வாங்க தம்பி."

"இத எங்கண்ணி வெக்கறது?"

பேப்பருக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது, அண்ணிக்கு. "வெளிய வெச்சா துரு புடிச்சிடும். உள்ள வெக்கச் சொல்லு."

எஞ்சின் ஹாலில் டி.வி.க்கு முன்னால் போய் உட்கார்ந்தது. அடுத்த மூன்று வாரமும் அண்ணன் அதன் தலைக்கு மேலேதான் கிரிக்கெட் பார்த்தார்.

வண்டி வீட்டுக்குப் பின்னால், பாதாம் மரத்தடியில். டயர்கள் மண்ணுக்குள் இறங்கியிருந்தன. சீட்டின் பஞ்சைக் காக்கை பிய்த்துப்போயிருந்தது. ஒயரை எலி தின்றிருந்தது. இடது சைலன்சருக்குள் குளவி கூடு கட்டியிருந்தது. டேங்க் மூடியைத் திறந்தால் பெட்ரோல் வாடையே இல்லை, பழைய வார்னிஷ் வாடை. எனக்குக் கோபம் வந்தது. உடனே வெட்கமாகவும் இருந்தது. எஞ்சின் இல்லாத வண்டியை யார்தான் துடைத்து வைப்பார்கள்?

ஞாயிறுதோறும் போனேன். துருவைச் சுரண்டினேன். ஃப்ரேமுக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்தேன். சக்கரக் கம்பிகள் இருபதுக்கு மேல் மாற்றினேன். கார்ப்பரேட்டரைப் பிரித்து மண்ணெண்ணெயில் ஊறப்போட்டேன். டேங்க்குக்குள் ஒரு பிடி நட்டும் சின்ன ஜல்லியும் போட்டு, துரு எடுக்கும் ஆசிட்டை ஊற்றிக் குலுக்க வேண்டும். தனி ஆளாய் முடியாது. அண்ணி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு மறுமுனையைப் பிடித்தார். நாங்கள் இருவரும் தொட்டிலாட்டுவதுபோல் டேங்க்கை ஆட்ட, அண்ணன் ஜன்னலுக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"வலது பக்கம் சாய்க்கச் சொல்லு வசந்தா. மூலையில போகல."

"நீங்களே வந்து சொல்லுங்களேன்" என்றார் அண்ணி.

ஜன்னல் காலியாகிவிட்டது. நான் வலது பக்கம் சாய்த்தேன்.

எடுறா கைய

நான்காவது ஞாயிறு எஞ்சினை மாட்டும் நாள். அண்ணி ரேஷன் கடைக்குப் போயிருந்தார். அவர் வரும்வரை நான் காத்திருக்கலாம். காத்திருக்கவில்லை. அடியில் இரண்டு செங்கல்லும் ஒரு கட்டையும் வைத்து, எஞ்சினை ஃப்ரேமுக்குள் நகர்த்தி, முன் போல்ட்டைச் செருகிவிட்டேன். பின் போல்ட்டுக்கு ஓட்டை நேராக வரவில்லை. கையை அடியில் விட்டுத் தூக்கிப் பார்த்தேன். கட்டை வழுக்கியது.

எஞ்சினுக்கும் ஃப்ரேமுக்கும் நடுவில் வலது கை விரல்கள் மூன்று. வாயிலிருந்து என்ன சத்தம் வந்ததென்று தெரியாது. யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை, அது மட்டும் நிச்சயம்.

பின்கதவு சுவரில் மோதிய சத்தம் கேட்டது. அடுத்த நிமிடம் அண்ணன் என் தலைக்கு மேல் குனிந்து, தோளை டேங்க் கம்பிக்கு முட்டுக்கொடுத்து, எஞ்சினை ஒரு தம் பிடித்துத் தூக்கினார். அறுபது வயது. கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டு நின்றது.

"எடுறா கைய."

எடுத்தேன். தோல் உரிந்து ரத்தம். எலும்புக்கு ஒன்றும் இல்லை. அவர் எஞ்சினைக் கீழே விடவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டு, ஓட்டையை எட்டிப் பார்த்தார்.

"நேரா வந்துடுச்சு. இடது கையால போல்ட்ட போடு."

போட்டேன்.

"பதிமூணா, பதினாலா?"

"பதினாலுண்ணா."

ஸ்பேனரை அவரே எடுத்து, அவரே முடுக்கினார். பிறகு குழாயடிக்கு என்னைக் கூட்டிப்போய்க் கையைக் கழுவிவிட்டார். அண்ணி ரேஷன் பையோடு வந்தபோது நாங்கள் இருவரும் வண்டியின் இரண்டு பக்கத்தில் உட்கார்ந்து கேபிள் மாட்டிக்கொண்டிருந்தோம். அவர் உள்ளே போனார். மிக்ஸி ஓடும் சத்தம் கேட்டது. அன்று மத்தியானம் வடை இருந்தது.

அந்தச் சின்னக் குமிழ்

ஆறாவது ஞாயிறு. புது பேட்டரி, புது ஒயர், ஆயில் கலந்த பெட்ரோல். பிளக்கில் பளிச்சென்று நீலப் பொறி. எல்லாம் சரி. உதைத்தேன். இருபது தடவை, முப்பது தடவை. ஒரு இருமல்கூட இல்லை. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. மறுநாள் பூந்தமல்லிக்குச் சாமான் ஏற்ற வேண்டும்.

"நகருடா" என்றார் அண்ணன்.

"எல்லாம் சரியாத்தாண்ணா இருக்கு. எங்க கோளாறுன்னு தெரியல."

"கோளாறு ஒண்ணுமில்ல. அப்பா ஸ்டார்ட் பண்றத நீ பாத்ததே இல்ல. நீ டேங்க் மேல உக்காந்துக்கினு ரோட்டப் பாத்துனு இருப்ப."

கார்ப்பரேட்டரின் தலையில் ஒரு சின்னக் குமிழ் உண்டு. அதை ஆள்காட்டி விரலால் அழுத்தி, பெட்ரோல் கசிந்து விரல் நனையும்வரை பிடித்தார். சாவி போடாமல் இரண்டு முறை மெதுவாக மிதித்தார். பிறகு சாவி. பிறகு முட்டி வலியோடு, உடம்பின் கனத்தையெல்லாம் இறக்கி ஒரு உதை.

பிடித்துக்கொண்டது.

முதலில் வலது சைலன்சர், அப்புறம் இடது. மிச்சமிருந்த குளவி மண் பொடியாய்ப் பறந்து என் காலில் விழுந்தது. நீலப் புகை பாதாம் இலைகளுக்குள் ஏறி, பக்கத்து வீட்டுக் கொடியில் காய்ந்த துணிக்குள் போனது. அந்த வீட்டு அம்மா திட்டுவதற்காக வெளியே வந்தார். எங்களைப் பார்த்துவிட்டு, துணியை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அண்ணன் அழுதுகொண்டிருந்தார். புகை கண்ணில் பட்டுவிட்டது என்றார். எனக்கும் பட்டிருந்தது.

காடுவெட்டி தாண்டி

ஆர்.சி. புத்தகத்தில் அப்பா பெயரை மாற்றுவதற்கு அண்ணன் அந்த ஆறு வாரமும் அலைந்தது எனக்கு அன்றுதான் தெரியும். வண்டி ஓடும் என்று என்னைவிட அவர்தான் நம்பியிருக்கிறார்.

மறுநாள் காலை சாமான் வேனில் அண்ணி முன்னால் போனார். நாங்கள் வண்டியில். அண்ணனுக்கு முட்டி வலி, அதனால் நான் ஓட்டினேன், அவர் பின்னால். பருத்திப்பட்டு ஏரிக்காற்று முகத்தில் அடித்தது. காடுவெட்டி தாண்டிக் கொஞ்ச தூரத்தில் வண்டி இரண்டு முறை விக்கி, நின்றுவிட்டது.

டேங்க் மூலையில் தங்கிய துருதான் வந்து அடைத்திருக்கும். கார்ப்பரேட்டரைப் பிரிக்க நிழல் வேண்டும். தள்ளினோம். நான் ஹேண்டிலைப் பிடிக்க, அவர் பின் சீட்டில் கை வைத்துத் தள்ளினார். தண்ணீர் கேன் ஏற்றிவந்த ஒருவர் வேகத்தைக் குறைத்தார். "இன்னா அண்ணாத்தே, வண்டி வெலைக்கா?"

"இல்லப்பா. ஓட்றதுக்கு" என்றார் அண்ணன்.

அவர் முகம் எனக்குத் தெரியவில்லை. எனக்குப் பின்னால் இருந்தார். அதனால்தானோ என்னவோ பேசினார்.

"அந்தக் காதுகுத்துப் பத்திரிகை ப்ரூஃப் நான்தான்டா பாத்தேன்."

நான் தள்ளிக்கொண்டே இருந்தேன்.

"அப்ப எனக்குக் கண்ணு சரியாத் தெரியாது. கிட்டத்து எழுத்தெல்லாம் மசமசன்னு இருக்கும். கண்ணாடி போட்டா கிரேன்லேர்ந்து இறக்கிடுவாங்கன்னு பயம். யார்கிட்டயும் சொல்லல, வசந்தாகிட்ட கூட. அச்சாபீஸ்ல நீட்டினான். எல்லாம் சரியா இருக்குன்னு கையெழுத்து போட்டுட்டேன். அச்சாகி வீட்டுக்கு வந்து அவ படிச்சப்பதான் ஒரு வரி விட்டுப்போனது தெரிஞ்சிது."

"சொல்லியிருக்கலாமே."

"சொன்னா ஏன்டா பாக்கலன்னு கேப்ப. கண்ணு தெரியலன்னு சொல்லணும்." ஒரு பள்ளத்திலிருந்து வண்டியைத் தள்ளி ஏற்றினார். "அடுத்த வருஷ மெடிக்கல்ல அவங்களே கண்டுபுடிச்சிட்டாங்க. ஸ்டோர்ல போட்டாங்க. ஒண்ணும் குடி முழுகல. ஆனா அதுக்குள்ள ஒரு வருஷம் ஆயிடுச்சு. ஒரு வருஷம் கழிச்சு வந்து என்னன்னு சொல்றது?"

வேப்பமர நிழல் வந்தது. ஸ்டாண்ட் போட்டேன். அவர் முகத்தைப் பார்க்காமல் நானும் சொன்னேன். "எஞ்சின் வேலை ஒரே வாரத்துல முடிஞ்சிடுச்சுண்ணா."

"தெரியும்."

"எப்படி?"

"உன் வேல எனக்குத் தெரியாதா?"

கார்ப்பரேட்டரைப் பிரித்தேன். கடுகளவு துரு, பெட்ரோல் இறங்கும் ஜெட்டின் கண்ணில். ஊதி எடுத்தேன். அண்ணன் குமிழை அழுத்தினார், நான் உதைத்தேன். சென்னீர்குப்பம் தாண்டும்போது அவர் என் காதுக்குப் பக்கத்தில் ஏதோ பாட்டை முனகிக்கொண்டு வந்தார். ராகம் சரியில்லை.

ஞாயிறு காலை

இது நடந்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது. வண்டி பூந்தமல்லி வீட்டின் கீழ்த்தளத்தில் நிற்கிறது. ஞாயிறு காலை எட்டு மணிக்கு எனக்குப் போன் வரும். எடுத்தால் பேச்சு இருக்காது. டப் டப் டப்பென்று எஞ்சின் சத்தம் மட்டும். போனை சைலன்சருக்குப் பக்கத்தில் பிடித்திருப்பார். ஒரு நிமிடம் கழித்து அவர் குரல் வரும்.

"கேட்டியா? எங்கியோ தட்டுதுல்ல?"

முப்பது வருடத்துக்கு மேல் மெஷின் சத்தத்திலேயே வாழ்ந்த காது என்னுடையது. கண்ணை மூடிக்கொண்டு கேட்பேன். ஒரு தட்டலும் இருக்காது. நெய்யில் ஓடுகிற மாதிரி ஓடும்.

"ஆமாண்ணா, தட்டற மாதிரிதான் இருக்கு. வந்து பாக்கறேன்."

"டிபன் சாப்புடாம வா" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார்.